பின்சீட்டு

"தம்பி, நீ நடந்து போனியா, வண்டில போனியா? சும்மா 'விபத்து'ன்னு போட்டா கம்ப்யூட்டர் ஏத்துக்காது."

ஆம்பூரில் ஓர் ஆஸ்பத்திரியின் முதல் மாடி. படுக்கையில் இளம்பரிதி, இடது கையில் மாவுக்கட்டு. எதிரே ஃபைலோடு மேகலா. விபத்தில் சிக்கி வருகிறவர்களுக்கு, அடிபட்ட விதத்தைப் பார்த்து கோட் நம்பர் போடுவது அவள் வேலை. டாக்டர் அவசரத்தில் ஒற்றை வார்த்தை எழுதிவிட்டதால், கீழே ரெக்கார்டு ரூமிலிருந்து மூச்சு வாங்க ஏறி வந்திருந்தாள்.

"நடந்துதான் போனேன் மேடம். ஒரு பைக்காரன் இடிச்சிட்டான்."

"கெண்டைக்கால்ல இன்னா கொப்புளம்?"

அவன் அவசரமாகப் போர்வையை இழுத்து மூடினான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிற ஆள்.

"நடந்து போறவனுக்கு உள்பக்கமா சைலன்ஸர் சூடு எப்படிப்பா படும்? இருபது வருஷமா இதே வேலை. என்கிட்டயேவா?"

"சரி மேடம், பைக்தான். பின்னாடி உக்காந்திருந்தேன்."

"எது மேல மோதுச்சு? மாட்டுக்கு ஒரு நம்பர், மரத்துக்கு ஒரு நம்பர்."

"மாடு. அதுக்கு ஒண்ணும் ஆவல."

"நல்ல மாடு. ஓட்டினது யாரு?"

"அதுக்கும் கோட் இருக்கா?"

"கோட்டுக்கு வேணாம். எனக்கு வேணும்."

அவன் தலையைச் சொறிந்தான். "ஒரு பொண்ணு மேடம். எங்க ஷூ கம்பெனிலதான் வேலை. நான்தான் பைக் கத்துக் குடுத்தேன். பேர் மட்டும் கேக்காதீங்க. அவங்கம்மாவுக்குத் தெரிஞ்சா வேலையை விட்டே நிறுத்திடுவாங்க."

மேகலாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பொண்ண ஓட்டவிட்டுப் பின்னாடி ஜம்முனு உக்காந்து போனவன், அவங்கம்மாவுக்கு இப்படி நடுங்குறியே! அந்தம்மா இன்னா புலியா?"

"புலியே பரவால்லன்னு அந்தப் பொண்ணு சொல்லும்."

"பாவம்பா அது!" முகம் தெரியாத அந்தத் தாய் மேல் மேகலாவுக்குக் கோபமே வந்துவிட்டது.

இளம்பரிதி அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை இன்னொரு முறை பார்த்துக்கொண்டான். "அந்தம்மா எடத்துல நீங்க இருந்தா இன்னா செய்வீங்க மேடம்?"

"நானா? ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஒழுங்கா ஓட்டக் கத்துக்கோடின்னு சொல்லி, மறுநாளே வேலைக்கு அனுப்பி வைப்பேன்."

"சத்தியமா?"

"சத்தியமாப்பா."

அவன் பக்கத்துப் படுக்கையை மறைத்திருந்த திரையைப் பார்த்துக் குரல் கொடுத்தான்:

"நிஷா, வெளிய வா. உங்கம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்களாம்."