தும்மாத மூக்கு

"நாளைக்கு என்னையப் பூக்கடைக்குள்ள வச்சுப் பூட்டுங்க. சாம்பிராணி போடுங்க. தலகாணிப் பஞ்சப் பிரிச்சு மூக்குல கொட்டுங்க. ஒரு தும்மல் வராது" என்றான் முத்தப்பன்.

சொன்னது யார்? அவன் தும்மினால் குனோங் ராபாட் சுண்ணாம்பு மலை பொடி உதிர்க்கும். ஈப்போ பஸ் டிரைவர்கள் டயர் வெடித்ததென்று இறங்கிப் பார்ப்பார்கள்.

"சூரியன் மேக்கால பாகான் டத்தோ கடல்ல உதிச்சாலும் உதிக்கும், நீ தும்மாம இருக்க மாட்ட" என்றான் கூட்டாளி அலெக்சாண்டர். "நீ மட்டும் தும்மல, என் மீசைய எடுத்துர்றேன்லா."

லேசான பந்தயமில்லை. மோட்டார் சைக்கிள் ஹேண்டில் மாதிரி இரண்டு பக்கமும் நீண்ட அந்த மீசையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் சவாரி போகலாம்.

முத்தப்பனுக்கோ இது வாழ்க்கைப் பிரச்சினை. மறுநாள் பீடோரில், விசாலி வீட்டில் கல்யாணம் பேசி முடிக்க வேண்டும். இதற்கு முன் இரண்டு இடங்களில் வெற்றிலைத் தட்டு கைமாறும் சமயம் பார்த்துத் தும்மினான். இரண்டு சம்பந்தமும் முறிந்தன.

விசாலியின் பெரியப்பா பழனியப்பன் சகுனத்தில் இன்னும் கெட்டி. ஒற்றைத் தும்மல் கேட்டால் எழுந்துவிடுவார். துணைக்கு இன்னொரு தும்மல் விழுந்தால்தான், அது யார் மூக்கிலிருந்து வந்தாலும் சரி, மறுபடி உட்காருவார்.

பெண் பார்த்த அன்று, காப்பியை நீட்டும்போது விசாலி மெல்லச் சொன்னது ஒன்றுதான். "எனக்குச் சம்மதம். அன்னைக்கு மட்டும் தும்மிராதீங்க."

அதனால்தான் மூன்று வாரத்துக்கு முன்பே நண்பர்கள் இருவரும் கிளினிக்குக்குப் போனார்கள். டாக்டர் மேசைமேல் இரண்டு மூக்கு ஸ்பிரேக்களை வைத்தார்.

"ரெண்டும் ஸ்டெராய்டு மருந்துதான். இது காத்து டின், அது தண்ணி போத்தல். எது ஒத்துக்குதோ அத எடுத்துக்குங்க. தெனம் அடிக்கணும். ஒன்னு ரெண்டு வாரம் போனாத்தான் பலன் தெரியும்."

காற்று டின்னை அழுத்தியதும் மூக்குக்குள் சுருக்கென்று ஊசி ஏறியது. முத்தப்பன் போட்ட தும்மலில் சுவரில் தொங்கிய காலண்டர் இரண்டு மாதம் தள்ளிப் புரண்டது. "சில பேருக்கு அப்படித்தான் பண்ணும்" என்றார் டாக்டர்.

தண்ணி போத்தல் சாதுவாக இறங்கியது. முத்தப்பன் அதையே எடுத்துக்கொண்டான்.

"டின்ன எங்கிட்ட குடு மச்சான், கொசுவுக்கு அடிக்கலாம்" என்று அலெக்சாண்டர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அன்று முதல் அது அந்தப் பையிலேயே கிடந்தது. முத்தப்பன் அதிகம் அலட்டும்போதெல்லாம் எடுத்துக் காட்டி, "அடிக்கவா?" என்பான்.

பந்தயத்துக்கு மறுநாள். பீடோரில் இருந்த மல்லிகை முழுவதும் அந்தக் கூடத்தில்தான் இருந்தது. பழனியப்பன் தன் கையாலேயே சாம்பிராணியை அள்ளிப் போட்டார். புகைக்கு நடுவே முத்தப்பன் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தான். அவன் அம்மா மீனாள், மகன் மூக்கை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பழனியப்பன் தட்டைத் தூக்கினார். மூக்கு அரித்தது. முத்தப்பனுக்கல்ல, பழனியப்பனுக்கு.

"ஹச்."

ஒற்றைத் தும்மல். தட்டு அந்தரத்தில் நின்றது.

பழனியப்பன் தட்டைக் கீழே வைத்தார். "என் மூக்கா இருந்தா என்ன, சகுனம் சகுனந்தான். ராகு காலம் வேற பொறக்கப் போகுது."

"கொஞ்சம் பொறுங்கண்ணே" என்றாள் மீனாள். தூண் பக்கம் ஒருவர் தும்முவது போல் பண்ணிப் பார்த்தார்.

"அது இருமல்" என்றார் பழனியப்பன்.

இப்போது எல்லாருடைய கண்ணும் முத்தப்பன் மேல் திரும்பியது. பேராக் மாநிலம் முழுக்கப் பெயர் வாங்கிய தும்மலாயிற்றே. கதவோரம் விசாலி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். 'தும்முங்களேன்' என்று கெஞ்சியது அந்தப் பார்வை.

முத்தப்பன் மல்லிகைச் சரத்தில் முகத்தைப் புதைத்தான். சாம்பிராணிப் புகையைக் குடித்தான். மூக்கு முடியைப் பிடித்து இழுத்தான், கண்ணீர்தான் வந்தது. மூன்று வாரமாக அடித்த மருந்து அவ்வளவு நேர்மையாக வேலை செய்திருந்தது.

பின்னால் உட்கார்ந்திருந்த அலெக்சாண்டர் தலையைக் குனிந்துகொண்டான். சிரிக்கிறான் பாவி என்று முத்தப்பன் நினைத்தான்.

பழனியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்தார். முத்தப்பன் கைக்குட்டைக்குள் முகத்தை மூடிக்கொண்டான்.

அப்போது வெடித்தது ஒரு தும்மல். வெற்றிலை பறந்தது. குத்துவிளக்கின் ஐந்து முகமும் அணைந்தன. தெருக்கோடியில் ஒரு பஸ் நின்று, டிரைவர் இறங்கி டயரைப் பார்த்தார்.

பழனியப்பன் முகம் மலர்ந்து உட்கார்ந்தார். "ரெட்டத் தும்மல், சுபம். வெளக்க ஏத்துங்க, தட்ட மாத்துவோம்."

தட்டு மாறியது. "சமயத்துல தும்முன தம்பி" என்று ஆளாளுக்கு முத்தப்பன் முதுகில் தட்டினார்கள். விசாலி சிரித்துக்கொண்டே உள்ளே ஓடினாள். அவன் மெல்ல நழுவி வாசலுக்கு வந்தான்.

வாசல் குழாயடியில் அலெக்சாண்டர் முகம் கழுவிக்கொண்டிருந்தான். கண் இரண்டும் செக்கச் சிவந்திருந்தன. "இப்ப என்ன சொல்ற?" என்றான் முத்தப்பன்.

அலெக்சாண்டர் சட்டைப் பையிலிருந்த டின்னை எடுத்து அவன் கையில் வைத்தான். மீசையைக் கடைசியாக ஒருமுறை நீவிவிட்டுக்கொண்டான்.

"நீ தும்மல மச்சான், ஒத்துக்கிறேன். தும்முனது நான்லா."