எதிர்வீட்டுப் பாம்புச் செவி

"சார், சத்தத்தைக் குறைங்க! இந்த மாடியில மனுஷங்க குடியிருக்கோம்!"

கதவைத் திறந்ததும் எதிர்வீட்டுக்காரர் போட்ட கத்தலில் இசையமைப்பாளர் ஓரடி பின்வாங்கினார். எதிர்வீட்டுக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். குடிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பாதி முகத்தில் சவர நுரை அப்படியே இருந்தது.

"ஒரு விளம்பரப் பாட்டுங்க. இன்னிக்குக் கொடுத்தாகணும். பத்தே நிமிஷம்..."

அவர் வாயையே முறைத்துப் பார்த்தார் பெரியவர். "பத்தும் வேணாம், அஞ்சும் வேணாம். இன்னொரு தடவை வந்தேன்னா குடியிருப்போர் சங்கத்துல எழுதிக் கொடுத்துடுவேன். அப்புறம் ஸ்டுடியோவும் கிடையாது, ஒண்ணும் கிடையாது!"

மேற்கொண்டு ஒரு வார்த்தை பேச விடாமல் திரும்பிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"சத்தம் போடாதேன்னு சொல்றதுக்கு இவ்வளவு சத்தமா?" என்று முணுமுணுத்துக்கொண்டே இசையமைப்பாளர் பின்னறைக்குப் போய் ஸ்பீக்கரைப் பாதியாகக் குறைத்தார். சங்கம் என்றாலே அவருக்கு உதறல். மெட்டுப் போடுவது, பாட வைத்துப் பதிவு செய்வது, எல்லாவற்றையும் சேர்த்துப் பாட்டாக்கிக் கொடுப்பது என்று அவர் பிழைப்பே அந்த ஒரு அறையில்தான் நடந்தது.

போன வாரம்தான் காது டாக்டரிடம் போய் வந்திருந்தார். காதுக்குள் ராப்பகலாக 'ஙொய்ய்' என்று ஓர் இரைச்சல். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். ஆனால் கடைசியாகச் செய்த பாட்டை, "ஜால்ரா சத்தம் காதைக் கிழிக்குது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவருக்கோ ஜால்ரா இருப்பதே தெரியவில்லை. அப்போதுதான் டாக்டரிடம் ஓடினார்.

"போன கேட்கும் சக்தி போனதுதான், திரும்பி வராது" என்றார் டாக்டர். "இருக்கறதைக் காப்பாத்திக்கலாம். பக்கத்துல இருக்கறவங்க சாதாரணமாப் பேசினா கேக்கணும். ஸ்பீக்கர் அந்த அளவுக்கு மேல போகக் கூடாது. மணிக்கு ஒரு தடவை பத்து நிமிஷம் எழுந்து வெளியே போயிடணும். கச்சேரிக்குப் போனா காதை அடைச்சுக்குங்க. இரைச்சலை உக்காந்து உத்துக் கேக்காதீங்க. ரொம்ப அமைதியா இருந்தா மெல்ல ஒரு ஃபேனை ஓட விடுங்க."

கூடப் போன மனைவி அத்தனையையும் மனப்பாடம் செய்துகொண்டு வந்து, மூன்று நாள் கரடியாகக் கத்தினாள். "இதோ, இந்த ஒரு இடம் மட்டும்" என்றே மூன்று நாளையும் அவர் ஓட்டினார். நான்காம் நாள், "உங்க காது, உங்க பாடு" என்று கைகழுவிவிட்டாள்.

அப்பாடா என்று உட்கார்ந்தவரைத்தான் மனைவி விட்ட இடத்திலிருந்து எதிர்வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார்.

சத்தத்தை ஒரு புள்ளி கூட்டினாலும் 'தடதட'வென்று கதவு தட்டப்படும். ஒரு நாள் வீம்புக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு உச்சத்தில் வைத்தார். இரண்டே நிமிடம். தடதட!

"என்ன சார், ஹெட்போன்ல வச்சதுகூடவா உங்களுக்குக் கேக்குது?"

"நல்லாவே கேக்குது!" என்றார் பெரியவர், அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"பார்த்தியாடி, பாம்புச் செவி இந்த ஆளுக்கு!" என்று இசையமைப்பாளர் உள்ளே வந்து அலுத்துக்கொண்டார். மனைவி மும்முரமாகத் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

அது போதாதென்று மணிக்கு ஒரு தடவை பெரியவர் வந்து கதவைத் தட்டி, "வாங்க, மாடிப்படி ஏறி இறங்கலாம். எனக்குத் துணைக்கு ஆள் இல்லை" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார். மறுத்தால் சங்கம். ஏறி இறங்கும்போது இசையமைப்பாளர்தான் ஏதேதோ பேசுவார். பெரியவர் முன்னால் போய்க்கொண்டே இருப்பார்.

மூன்று மாதம் இப்படியே போனது. முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு மெல்லிய சத்தத்தில் வேலை செய்யக் கை பழகிவிட்டது. படியேறி வந்து உட்கார்ந்தால், பாட்டில் எது துருத்துகிறது என்று சட்டென்று பிடிபட்டது. இரைச்சல் ஒரேயடியாகப் போய்விடவில்லை. ஆனால் பாதி நாள் அது இருப்பதே அவருக்கு நினைவில்லை.

மறுபடி சோதித்துப் பார்த்த டாக்டர் முகம் மலர்ந்தார். "போன தடவை எப்படி இருந்ததோ அப்படியே இருக்கு, கொஞ்சமும் இறங்கலை. சொன்னபடி கேட்டு நடந்த ஆளுங்களை நான் அதிகம் பார்த்ததில்லை சார்!"

வீட்டுக்கு வந்ததும் இசையமைப்பாளர் ஒரு பை நிறைய ஆப்பிளை எடுத்துக்கொண்டார். "அந்த மனுஷன் மட்டும் தொல்லை பண்ணலைன்னா என் பிழைப்பே போயிருக்கும். ஒரு நன்றி சொல்லிட்டு வந்துடறேன்."

"அதெல்லாம் எதுக்கு? தப்பா நினைச்சுக்கப் போறார்" என்று மனைவி பதறினாள்.

"நன்றி சொன்னா யாராவது தப்பா நினைப்பாங்களா?"

எதிர்வீட்டு மணியை அழுத்தினார். பதில் இல்லை. மறுபடி அழுத்தினார். ஜன்னல் வழியே பார்த்தால் பெரியவர் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து நிம்மதியாகச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் தடவை விரலை எடுக்காமல் அழுத்தினார். பக்கம்தான் புரண்டது. இசையமைப்பாளருக்கு முகம் சுருங்கிவிட்டது.

காய்கறிப் பையோடு படியேறி வந்த பெரியவரின் மனைவி அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

"மணி அடிச்சா அவருக்கு எப்படித் தம்பி கேக்கும்? கொல்லுப்பட்டறைச் சத்தத்துல ரெண்டு காதும் அடியோட போய்ப் பதினஞ்சு வருஷமாச்சு. உங்க வீட்டம்மாகிட்டச் சொல்லி வழக்கம்போலப் போன்ல ஒரு மெசேஜ் அனுப்பச் சொல்லுங்க, சட்டைப்பையில அது அதிர்ந்தா அடுத்த நிமிஷம் ஓடி வந்துடுவார்!"