ஏழாவது ஃபாரம்

"அற்புதம்னா அற்புதம். எல்லாரும் வாங்கிப் படிக்கணும்," என்றாள் பல் டாக்டர் ஜும்ரத், நாவலின் அட்டையைத் தட்டியபடி.

மஸ்தூரா அவள் கிண்ணத்தில் ஒரு மடக்குத் தேநீர் ஊற்றினாள். மதிப்பானவர்களுக்கு மர்கிலான் ஊரில் அவ்வளவுதான் ஊற்றுவார்கள். குறைய ஊற்றினால்தானே திரும்பக் கேட்பார்கள், இன்னும் கொஞ்சம் இருப்பார்கள்.

மாதம் ஒரு வீடு என்று ஐந்து வருடமாக நடக்கும் கூட்டம்; இந்த மாதம் மஸ்தூராவின் வீடு. படித்ததில் பிடித்ததைச் சொல்லி, அடுத்தவரைப் படிக்க வைக்க வேண்டும். போன மாதம், 'சமீபத்தில் படித்தேன், நீங்களும் படியுங்கள்' என்று இந்த நாவலை ஆளுக்கொரு பிரதி கொடுத்தவள் மஸ்தூராதான்.

எழுதியவளும் அவள்தான். அது இங்கே யாருக்கும் தெரியாது. சொந்தப் பெயரைப் போட்டால் தாட்சண்யத்துக்குப் புகழ்வார்கள் என்று, ஒன்பது வருட உழைப்பை ஓர் ஆம்பளைப் பெயரில் வெளியிட்டிருந்தாள்.

நூலகத்தில் வேலை பார்க்கும் பெண்கள் இருவரும் "ஆமா, ரொம்ப ஆழம்" என்றார்கள்.

சதோகத் ஒரு படி மேலே போனாள். நாவல் எழுதுவது எப்படி என்று கற்றுத்தரும் புத்தகங்களாக வாங்கிக் குவிப்பவள் அவள். இதுவரை ஒரு வரி எழுதியதில்லை. இந்த மாதமும் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். "இதையும் படிங்க. இதுல சொல்லியிருக்கிற அத்தனை உத்தியும் அந்த நாவல்ல இருக்கு."

மஸ்தூராவுக்கு உச்சி குளிர்ந்தது.

ஹிலோலா மட்டும் வாயைத் திறக்கவில்லை. பட்டு மில்லில் வேலை. கூட்டத்தில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. பிய்த்த ரொட்டியைத் தின்னாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"எனக்குப் பத்திக்கிட்டு வருதுக்கா," என்றாள் கடைசியில். "கைக்குழந்தையத் தோள்ல கட்டிக்கிட்டு அந்தப் பொண்ணு ஆத்துல இறங்குறா. அப்புறம் பக்கம் பக்கமாக் கோழிச் சீக்கு. அது முடிஞ்சதும் அவ சந்தையில ஒத்தையா ஒக்காந்து முலாம்பழம் விக்கிறா. குழந்தை எங்க? ஒரு வார்த்தை சொல்லல அந்த மனுஷன். அவன் மட்டும் என் கையில கெடச்சான்னா செருப்பாலயே கேப்பேன்."

"சொல்லாம விடுறதுதான்டி உத்தி," என்றாள் சதோகத். "மில்லுல நூல் அறுந்தா முடிச்சுப் போட்டே பழகுனவ நீ. அறுத்து விடுறதோட அழகு உனக்கெங்க தெரியப்போகுது?"

எல்லோரும் சிரித்தார்கள். மஸ்தூரா சிரிக்கவில்லை.

குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையாம். பதினாறு பக்கம் எழுதியிருக்கிறாள். மற்றதையெல்லாம் ஒரு வருடத்தில் எழுதி முடித்தவள், அந்தப் பதினாறு பக்கத்தை எட்டு வருடம் எழுதினாள். நாவலில் வருவதோ ஒரே ஒரு கோழி; அதுவும் வந்த நாலாம் வரியில் அறுபட்டுவிடும். படிக்காமலே வந்து உட்கார்ந்துகொண்டு, கோழியாம், சீக்காம்.

ஹிலோலாவின் கிண்ணத்தை இழுத்தாள். விளிம்பு தொட்டு வழியும் வரை ஊற்றி, அவள் முன்னால் நகர்த்தி வைத்தாள்.

குடித்துவிட்டு நடையைக் கட்டு என்பதை அந்த ஊரில் யாரும் வாயால் சொல்வதில்லை.

ஹிலோலா கிண்ணத்தைப் பார்த்தாள், மஸ்தூராவைப் பார்த்தாள். தேநீரைத் தொடாமல், இரண்டு கையாலும் முகத்தைத் தடவி ஆமீன் சொல்லிவிட்டு எழுந்தாள். தன் பிரதியை விரிப்பின்மேல் வைத்துவிட்டு, பூட்ஸ் கிடந்த நடைக்குப் போனாள்.

"விடுங்கக்கா. தெரியாததுங்ககிட்ட நமக்கென்ன பேச்சு," என்றாள் ஜும்ரத்.

ஹிலோலாவின் பிரதி முனை மடங்கி, முதுகு வளைந்து கிடந்தது. உள்ளே ஒரு சிவப்புப் பட்டுநூல் அடையாளமாக இருந்தது. எவ்வளவு தூரம்தான் படித்திருக்கிறாள் பார்ப்போம் என்று மஸ்தூரா அந்த இடத்தில் திறந்தாள்.

தொண்ணூற்றாறாம் பக்கத்தில் அந்தப் பெண் ஆற்றில் இறங்கியிருந்தாள். தொண்ணூற்றேழாம் பக்கத்தில், 'முட்டைக் கோழிகளுக்கு வரும் வெள்ளைக் கழிச்சல்: அறிகுறிகளும் தடுப்பும்' என்று இருந்தது.

புரட்டினாள். நூற்றுப் பன்னிரண்டு வரைக்கும் கோழிதான். பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு ஃபாரம். ஏழாவது ஃபாரம் முழுவதையும் அச்சகத்தில் வேறு எதற்கோ அடித்ததிலிருந்து எடுத்துக் கோத்துத் தைத்துவிட்டிருந்தார்கள்.

ஜும்ரத்தின் பிரதியை எடுத்தாள். கோழி. சதோகத்துடையதையும் எடுத்துப் பார்த்தாள். நூலகத்துப் பெண்களின் பிரதிகளில் அந்த இடத்துப் பக்கங்கள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன. நகத்தால் பிரிக்க வேண்டியிருந்தது. அங்கேயும் கோழிதான்.

அவளும்தான் திறந்து பார்க்கவில்லை. புத்தகம் வந்த அன்று முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பார்த்துவிட்டு மூடிவிட்டாள். அந்தப் பதினாறு பக்கத்தை இன்னொரு தடவை படிக்க அவளுக்குத் தெம்பில்லை. நாவலில் எல்லோருடைய பெயரையும் மாற்றியவளால், குழந்தையின் பெயரை மட்டும் மாற்ற முடியவில்லை.

"என்னக்கா தேடுறீங்க?" என்றாள் சதோகத்.

மஸ்தூரா தேநீர்க் கெண்டியை எடுத்தாள். சதோகத்தின் கிண்ணத்தை விளிம்பு வரை நிரப்பினாள். அடுத்து நூலகத்துப் பெண்கள் இருவருக்கும் அவசரமில்லாமல் ததும்பத் ததும்ப ஊற்றினாள்.

"அக்கா, எனக்குமா?" என்றாள் ஜும்ரத்.

அவளுக்குக் கொஞ்சம் வழியவே ஊற்றினாள்.

பிறகு ஹிலோலாவின் கிண்ணத்தில் இருந்ததைத் திரும்பக் கெண்டியிலேயே கொட்டிவிட்டு, அடியில் ஒரே ஒரு மடக்கு ஊற்றினாள். நடையில் பூட்ஸ் கயிறு இழுபடும் சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. வலக்கையில் கிண்ணத்தை ஏந்தி, இடக்கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு மஸ்தூரா அங்கே போனாள்.