மனசில்லாத எதிராளி

“அந்தப் பொட்டிய அணைச்சுப் போட்டு வாங்க மாப்ள. ஈரோட்டுப் பஸ்ஸு ஏழரைக்கு.”

நூருல்லா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஐந்தரைக்கு எழுந்தான். பால் காய்ச்சிக் குடித்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டான். ஆறரைக்கு வேலம்பாளையத்துப் பனியன் கம்பெனி ஆபீசைத் திறந்து, கம்ப்யூட்டரோடு செஸ் ஆட உட்கார்ந்தான். மனைவி நசீமா இறந்த நாலு மாதமாக, ஞாயிறு உட்பட, இதுதான் அவன் காலை.

நசீமாவின் அண்ணன் ராஜா முகமது பேப்பரை மேசையில் போட்டார்.

“உலக சாம்பியனே கம்ப்யூட்டர்கிட்டத் தோத்துட்டாராமுங்க. நமக்கெதுக்கு இந்த வேலை? ஜெயிச்சா அதுக்குச் சந்தோசமில்ல, தோத்தா வெக்கமில்ல. மனுசன் மனுசனோடதானுங்க ஆடோணும். இன்னிக்கு டோர்னமென்ட்டுக்கு உங்க பேரக் குடுத்துட்டேன்.”

“பேர அடிச்சுருங்க மச்சான்.”

“ஏனுங்க?”

“மனுசங்க விட்டுக் குடுத்துருவாங்க.”

“ஆரு, ஈரோட்டுக்காரனா? ஒரு சிப்பாயக்கூட விடமாட்டான்.”

“போன வாரம் நீங்க ராணியையே குடுத்தீங்களே.”

ராஜா முகமது தலையைக் குனிந்துகொண்டார். “உங்க மூஞ்சியப் பாத்தா மனசு கேக்கலீங்க.”

“இதுக்கு மனசில்லீங்க. அதான்.”

கம்ப்யூட்டர் அவனுடைய யானையை வெட்டியது.

“நீங்க மட்டும் ஆருக்கு விட்டுக் குடுத்தீங்க? ஆறு வருசத்துல ஒரு ஆட்டங்கூட ஜெயிக்க விடலைன்னு எந்தங்கச்சி சொல்லிச் சொல்லிச் சிரிப்பா.” அவர் பேப்பரை எடுத்து மடித்தார். “கடைசி மூச்சுல அல்லாவ நெனச்சுக் கலிமா சொன்னாள்னு சொன்னீங்க பாருங்க, அத நெனச்சுத்தான் எங்கம்மா இன்னிக்கும் ஒரு வாய் சோறு திங்குது.”

நூருல்லா அடுத்த காயை நகர்த்தினான். அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, தனியாகப் பஸ்ஸுக்குப் போனார்.

திரையில் நூருல்லாவின் ராஜாவுக்கு நகர இடமில்லை. இந்த நாலு மாதத்தில் ஒரு நாளும் அவன் ஜெயித்ததில்லை. மறுபடி காய்களை அடுக்கினான்.

கலிமா, அவன் சொன்ன பொய். ஆஸ்பத்திரிக் கட்டிலில், இருவருக்கும் நடுவே செஸ் பலகையை வைத்துக்கொண்டு, மூச்சு வாங்கியபடி நசீமா கடைசியாகச் சொன்னது இவ்வளவுதான்:

“இந்த ஒரு ஆட்டமாச்சும் நான் விட்டுக் குடுக்காம ஆடட்டுங்களா?”