சுவரோரத்து மண்

ஓவெர்ன் மலைக் கிராமத்தின் எண்ணூறு வயதுக் கோவிலில், அரைவட்ட ஜன்னல்களுக்கு மேலே, தகரக்காரன் பாஸ்தியான் கூரை விளிம்பில் மழைத்தண்ணீர் ஓடத் தகரக் கால்வாய் பொருத்துகிறான். ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளை இவ்வூரார் அந்த விளிம்பின் கீழ்தான் புதைப்பார்கள். கோவில் கூரைத் தண்ணீர் மேலே சொட்டினால் அதுவே ஞானஸ்நானம், மோட்சம் உண்டு என்பது நம்பிக்கை. நேற்றுப் புதைத்த மண்ணருகே மார்செலின் நிற்கிறாள்.

"ஒரு முழம் மட்டும் தகரம் போடாம விட்டுடுங்க சாமி. என் பிள்ளை மேல இன்னும் ஒரு சொட்டுகூட விழல."

"சுவர் ஊறுதேம்மா," என்கிறார் பங்குச்சாமியார்.

"நனையாமத் தூங்கட்டுமே அக்கா, சளி பிடிச்சுக்கப் போகுது," என்று ஏணியிலிருந்து சிரிக்கிறான் பாஸ்தியான்.

கடைசித் துண்டும் பொருந்தியதும், மழை சாரலின்றி நேராக இறங்குகிறது. கூரைத் தண்ணீர் முழுவதும் தகரத்தில் ஓடி, சாமியாரின் பூட்டிய தோட்டத்து முட்டைக்கோஸுக்குப் பாய்கிறது. அவர் குனிந்து சுவரின் அடிக்கல்லைத் தடவுகிறார்.

"தொட்டுப் பாரேன்," என்கிறார் அவளிடம், மகிழ்ச்சியாக. "ஈரமே இல்ல."