எட்டிப் பார்க்கும் நேரம்

"கோட்டானைத் தவிர வேற யாரு சார்? வாயே திறக்கறதில்ல, பை மட்டும் கனமாப் போகுது" என்றாள் ஸ்டோர் அக்கா.

சோதனைக்கூடத்து அலமாரியில் ஒரே மாதத்தில் ஐந்து ப்ரோப் காணவில்லை. மின் சிக்னலை அலையாகத் திரையில் காட்டும் ஆஸிலாஸ்கோப்பில் மாட்டுகிற விரல் தடிமன் ஒயர்தான். ஆனால் யானை விலை. சாயந்திரத்துக்குள் இன்ஜினியர் ஒரு பெயரைச் சொல்லியாக வேண்டும். அந்த ஆளுக்கு வேலை போய்விடும். எல்லார் சந்தேகமும், யாரோடும் பேசாததால் 'கோட்டான்' என்று பட்டம் வாங்கிய டெக்னீஷியன் மேல்தான்.

இன்ஜினியர் இருபது நாளாகக் கூடத்தைக் கண்காணித்து வந்தார். எப்படி என்பதையும் முதல் நாளே ஸ்டோர் அக்காவிடம் ரசித்து ரசித்து விளக்கியிருந்தார். கண்மூடித் திறப்பதற்குள் பல கோடி முறை துடிக்கும் சிக்னலை ஆஸிலாஸ்கோப்பால் ஒரே மூச்சில் பிடிக்க முடியாது. ஆனால் அது ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும். அதனால் ஒரு சுற்றில் ஒரே ஒரு புள்ளி, அடுத்த சுற்றில் கொஞ்சம் தள்ளி இன்னொரு புள்ளி. எல்லாவற்றையும் கோத்தால் முழு அலையும் திரையில் வந்துவிடும். அதே மாதிரிதான் அவரும் முதல் நாள் ஒன்பது மணிக்குக் கூடத்தை எட்டிப் பார்த்தார். மறுநாள் ஒன்பது இருபதுக்கு. அடுத்த நாள் ஒன்பது நாற்பதுக்கு. இன்று மூன்று இருபது.

"புள்ளியெல்லாம் கோத்துப் பாத்துட்டேங்க்கா. கோட்டான் குனிஞ்ச தலை நிமிரல."

"நீங்க அந்தப் பக்கம் போனதும் எடுத்திருப்பான்."

"இந்த முறையில அதுதான் ஓட்டை. தினமும் நடக்கறது மட்டும்தான் இதுல சிக்கும். என்னிக்கோ ஒருதடவை நடக்கறது புள்ளிக்கு நடுவுல நழுவிடும்."

அப்படியானால் இருபது நாள் உழைப்பும் வீண்தானா என்று அவள் உச்சுக்கொட்டினாள்.

"ஒருதடவை வர்றதைப் பிடிக்கணும்னா விட்டு விட்டுப் பாக்கக் கூடாது, நிறுத்தாம பதியணும். நேத்து காலையில அலமாரிக்கு மேல ஒரு கேமரா வெச்சேன்."

"அதுலயாவது கோட்டான் மாட்டினானா சார்?"

"நான் எப்ப எட்டிப் பார்ப்பேன்னு அவனுக்குத் தெரியாதே. அதை நான் ஒருத்தர்கிட்டதான் சொன்னேன்" என்று இன்ஜினியர் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

அதில், அலமாரிக்குள் கையை விட்டபடி ஸ்டோர் அக்கா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.