மடித்த கை

கதவைத் திறந்த வெள்ளைக்காரர் கை நீட்டினார். செல்வரத்தினம் அந்தக் கையைப் பற்றவில்லை, கும்பிட்டார்.

மகள் பிரசாந்தினிக்கு அது விளங்கவில்லை. பழைய சிநேகிதன் ஒருவனைப் பார்க்க வேண்டும் என்று சொல்லித்தான் அப்பா அவளைக் லண்டனின் ஒரு கோடியான குட்மேய்ஸிலிருந்து மறுகோடி ஹரோ வரை ரயில் மாறிக் கூட்டிவர வைத்திருந்தார்.

வால்டர் என்ற அந்த வெள்ளைக்காரருக்குத் தொண்ணூற்று நான்கு வயது, அப்பாவுக்குத் தொண்ணூற்றிரண்டு. அவருக்குக் குரல் எழும்பவில்லை, இவருக்குக் காது மந்தம். அதனால் பிரசாந்தினி நடுவில் உட்கார்ந்து, வால்டரின் ஆங்கிலத்தை அப்பாவின் காதருகே தமிழில் உரக்கச் சொன்னாள். அப்பா சொல்ல வேண்டியதை ஆங்கிலத்தில் அவரே சொன்னார்.

அவர் சொல்லத் தொடங்கியதும்தான் வந்த காரணம் அவளுக்கே தெரிந்தது.

உலகப் போர் முடிந்த சில வருடங்களில், மலாயாக் காட்டுச் சண்டைக்கென்று வெள்ளைக்காரர் ஒரு சின்ன பாராசூட் படை அமைத்தார்கள். பதினெட்டு மாதத்தில் கலைத்தும் விட்டார்கள். அங்கே பிறந்து வளர்ந்த செல்வரத்தினத்துக்கு, பத்தொன்பது வயதில், அவர்களுடைய பாராசூட்டுகளை மடித்துப் பையில் அடைக்கும் வேலை.

ஒரு விடியற்காலை பன்னிரண்டு பேர் காட்டின்மேல் குதித்தார்கள். பதினொரு பாராசூட் குடைகள் விரிந்தன. டென்னிஸ் என்ற பையனுடையது விரியவில்லை.

குடையை இழுத்து விரிக்கும் கயிறு அறுந்து கிடந்தது. மடித்தவன் விட்ட பிழை என்று விசாரணையில் எழுதி, செல்வரத்தினத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டில் யாராவது படுக்கை விரிப்பை உதறி விரித்தால் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். தூசி அவருக்கு ஒத்துக்கொள்ளாது என்றே அம்மா கடைசிவரை நம்பியிருந்தாள். பிரசாந்தினியும்தான்.

அப்பா அவள் பக்கம் திரும்பினார். “கண்ணை மூடினா அந்தக் குடையை மடிச்சு மடிச்சுப் பாக்கிறன், பிள்ளை. எங்க பிழை விட்டனெண்டு இண்டைக்கும் தெரியேல்லை. ஆனா அந்தப் பெடியன் விழுந்தவன்தானே.”

பிறகு வால்டரிடம், அந்தப் படையில் இப்போது உயிரோடிருப்பவர் நீங்கள் ஒருவர்தான் என்று கடிதம் வந்ததாகவும், மன்னிப்புக் கேட்க வேறு யாரும் இல்லை என்றும் சொன்னார்.

மேசையில் மூன்று கோப்பைத் தேநீரும் ஆறிப்போயின.

பைகள் முதல் நாள் மாலையே வரிசையாக வைக்கப்பட்டிருந்தனவா என்று வால்டர் கேட்டார். ஓம் என்றார் செல்வரத்தினம். எல்லாம் ஒரே மாதிரிப் பைகள், யார் பெயரும் எழுதவில்லை.

“டென்னிசுக்குப் பிறகு குதிச்சது தானாம், அப்பா. தன்ர குடை விரிஞ்சதாம்,” என்றாள் பிரசாந்தினி.

வால்டர் அதை ஒரு முறைப்பாடு போல, குறைபட்டுச் சொல்லியிருந்தார். அந்தத் தொனியை அவளால் தமிழில் கொண்டுவர முடியவில்லை.

அந்த மட்டில் சந்தோஷம் என்றார் செல்வரத்தினம். அவருடைய கைகள் மறுபடியும் கும்பிட எழுந்தன.

வால்டர் எட்டி அந்த இரண்டு கைகளையும் பிடித்து, மெல்லப் பிரித்து, தன் மடியில் வைத்துக்கொண்டார். முகத்தை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பி இரண்டு வசனம் சொன்னார்.



“என்னவாம்?” என்றார் அப்பா. திரும்பவும் கேட்டார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவின் காதருகே குனிந்தாள்.

“டென்னிஸ் மாறி எடுத்தது இவரின்ர பையாம், அப்பா. தான் சாகிறதுக்கெண்டு இவர் வெட்டி வைச்ச கயிறாம்.”